மலைக்கும் ராகிக் காவலுக்கும் ஒரே ஸ்லீப்பிங் பேக் போதுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஓசூரில் வேலை, சொந்த ஊர் அஞ்செட்டி பக்கம். டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டில் கேதார்காந்தா மலையேற்றம். திரும்பி வந்ததும் பொங்கல் வரை அப்பாவுக்குத் துணையாக ராகிக் காட்டில் இரவுக் காவல். கொலராடோவில் இருக்கும் மச்சான், அங்கே எல்க் மான் வேட்டைக்குக் காட்டுக்குள் போகிறவர்கள் எடுத்துப்போகும் 'ஜீரோ டிகிரி' ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கி வரட்டுமா என்கிறார். மைனஸ் 10 வரை போகும் இடத்துக்கு ஜீரோ டிகிரி பை எப்படிப் போதும், டவுன் (வாத்துத் தூவி) வாங்குவதா சிந்தடிக் (செயற்கைப் பஞ்சு) வாங்குவதா, ஒரே பையை இரண்டு இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எந்தப் பை என்பது பாதிக் கேள்விதான். எதன் மேல் படுக்கப் போகிறீர்கள், படுத்தால் தூங்கப் போகிறீர்களா விழித்திருக்கப் போகிறீர்களா என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை.

நான் ராணுவத்தில் இருந்தவன். லடாக்கிலும் காஷ்மீரிலும் பல குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். அங்கே பையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்டோரில் கொடுப்பதை வாங்கி, அதற்குள் குளிராமல் படுக்கக் கற்றுக்கொள்வோம். ஓய்வு பெற்றுத் தேன்கனிக்கோட்டை பக்கம் விவசாயம் பார்க்க வந்த பிறகு, நம் பக்கத்துப் பிள்ளைகள் குழுவாக உத்தராகண்ட் போகும்போது துணைக்குப் போய்வருகிறேன். கடையில் விற்கும் பைகள் அப்படித்தான் எனக்குப் பழக்கமாயின. ஆகவே பைக்குள் எப்படிப் படுப்பது, எது குளிரவைக்கும் என்பதை உறுதியாகச் சொல்வேன். எந்தக் கம்பெனி உசத்தி என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: மச்சான் சொல்லும் பை கேதார்காந்தாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும், ராகிக் காவலுக்குப் பொருந்தாது.

முதலில் அந்த ஜீரோவைத் தீர்த்துவிடுவோம். மச்சான் சொல்வது ஃபாரன்ஹீட். அமெரிக்காவில் பைக்குப் பெயர் வைப்பதே அந்தக் கணக்கில்தான். அங்கே தண்ணீர் உறைவது 32 டிகிரியில், அதுதான் நமக்கு 0. அவர்களுடைய 20 டிகிரி பை நம் கணக்கில் மைனஸ் 7. அவர்களுடைய 0 டிகிரி பை மைனஸ் 18. எனவே நீங்கள் நினைத்ததைவிட அது எவ்வளவோ கனத்த குளிருக்கான பை. இதே குழப்பம் மறுபக்கமும் நடக்கும். பெங்களூரில் ஒரு கடையில் 0 டிகிரி என்று எழுதிய பையைப் பார்த்தால் அது செல்சியஸாக இருக்கும். மச்சான் சொன்னது இதைத்தானே என்று எடுத்துக்கொண்டு பனிமலைக்குப் போனால் ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டு விழித்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது, மைனஸ் 18 என்று எழுதியிருப்பதால் மைனஸ் 18இல் சுகமாகத் தூங்கலாம் என்று பொருள் இல்லை. நல்ல பைகளை ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறைப்படி சோதிக்கிறார்கள். அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்று இருந்தது, பழைய பைகளில் இன்னும் அதைப் பார்க்கலாம். சூடேற்றிய மனிதப் பொம்மை ஒன்றுக்கு உள்ளே போடும் முழுக்கைப் பனியனும் முழுநீளக் கால்சட்டையும் காலுறையும் மாட்டி, கீழே ஒரு மேட் விரித்து, பைக்குள் படுக்கவைத்து அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன. முதல் எண் கம்ஃபர்ட்: சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்துத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது லிமிட்: சராசரி ஆண் ஒருவர் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். மூன்றாவது எக்ஸ்ட்ரீம்: ஆறு மணி நேரம் உயிர் பிழைத்துக் கிடக்கலாம் என்கிற எல்லை, கைகால் விரல் உறைந்து போகவும் வாய்ப்புண்டு. கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இரண்டாவது எண். சில மலிவுப் பைகளில் மூன்றாவது எண்ணையே முகப்பில் அச்சடித்திருப்பார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டும். கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் சாதாரணமாக ஐந்து முதல் ஏழு டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். ஆகவே லிமிட் மைனஸ் 18 என்றால் கம்ஃபர்ட் மைனஸ் 10, 12 பக்கம் வரும். அமெரிக்காவின் 20 டிகிரி பை என்றால் கம்ஃபர்ட் 0 டிகிரியை ஒட்டித்தான் வரும், அது உங்களுக்குப் போதாது.

கேதார்காந்தா உச்சி 3,810 மீட்டர். சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறி, உச்சிக்குக் கீழே பனிமேல் கூடாரம் போட்டுப் படுப்பீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே இரவில் மைனஸ் 5, மைனஸ் 10 என்பது சாதாரணம். மேகமில்லாத இரவில் காற்றும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். அதனால் கம்ஃபர்ட் மைனஸ் 10 என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் அளந்து பார்க்கக்கூடியது, உறுதியானது. உங்கள் உடம்பு அந்தப் பொம்மை மாதிரி நடந்துகொள்ளுமா என்பதுதான் உறுதியில்லாதது. ஒரே வயது, ஒரே எடை, ஒரே பை, ஒரே கூடாரம். ஒருவர் ஜிப்பைத் திறந்துவிட்டுப் படுப்பார், பக்கத்தில் இருப்பவருக்குப் பல் தந்தியடிக்கும். பொதுவாகப் பெண்களுக்கும், மெலிந்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும், அன்று சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் குளிர் அதிகம் உறைக்கும். வீட்டில் மின்விசிறியைக் குறைத்து வை என்று சண்டை போடுகிற ஆள் நீங்கள் என்றால் இன்னும் ஐந்து டிகிரி அதிகக் குளிரைத் தாங்கும் பையாக வாங்குங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் கட்டாயமாகவே சொல்வேன். வாழ்நாளில் பனியில் படுத்திராத உடம்புக்கு முதல் இரவு கடினமாகத்தான் இருக்கும்.

இப்போது கீழே விரிப்பதற்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பை சூட்டை உண்டாக்காது. உங்கள் உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. பிடித்துவைப்பதும் இறகோ பஞ்சோ இல்லை. அவற்றுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நீங்கள் படுத்ததும் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். பையை விரித்து அதற்குள் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்புக்குக் கீழே வெளியிலிருந்து கையை நுழைத்துப் பாருங்கள். மேலே நான்கு விரற்கடை உப்பியிருக்கும் பை, அங்கே இரண்டு துணி ஒட்டிக்கொண்ட அளவுக்கு மெலிந்திருக்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பையாக இருந்தாலும் அந்த இடத்தில் அது வெறும் துணிதான். பனித்தரை அந்த இடம் வழியாகவே சூட்டை உறிஞ்சும். ஐஎஸ்ஓ சோதனையில் மேட் விரித்துத்தான் பொம்மையைப் படுக்கவைக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, மேட் சரியில்லை என்றால் பையில் எழுதியிருக்கும் எண் அத்தனையும் வீண்.

மேட்டுக்கு ஆர் மதிப்பு என்று ஒரு எண் உண்டு. எண் கூடக் கூடக் குளிரைத் தடுக்கும் சக்தி கூடும். 2018இல் வந்த ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் முறைப்படி பல கம்பெனிகள் ஒரே மாதிரி அளந்து போடுகிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். மடித்து எடுத்துப்போகும் ஃபோம் மேட் சுமார் 2. பனிமேல் படுக்க 4, 5 வேண்டும். இதில் ஒரு வசதி, இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம். மலையேற்றக் குழுக்கள் ஆளுக்கு ஒரு மெல்லிய ரப்பர் மேட் கொடுப்பார்கள். அதோடு உங்கள் சொந்த ஃபோம் மேட் ஒன்றையும் தோள்பையின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு போங்கள். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. நீச்சல்குளத்தில் மிதக்கவிடுகிற மாதிரி உள்ளே காற்று மட்டும் இருக்கும் மெத்தையை நம்பிப் போகாதீர்கள். மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று சுற்றிச் சுற்றி வந்து உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்து மேட்டில் போடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

டவுனா சிந்தடிக்கா என்பதற்கு வருகிறேன். டவுன் என்பது வாத்து, கீஸ் வாத்தின் மார்பில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. வெயிலில் காயவைத்த இலவம்பஞ்சுத் தலையணை எப்படி உப்பி வருமோ அப்படி உப்பும். அமுக்கினால் சின்னதாகச் சுருங்கும். 550, 650, 800 என்று ஃபில் பவர் போட்டிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பது அது. எண் கூடினால் அதே சூட்டுக்கு எடை குறையும். 800 பை 600 பையைவிடச் சூடு என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு தூவி நிரப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டவுனின் பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும், காயவைக்க வெகுநேரமாகும். சிந்தடிக் நனைந்தாலும் ஓரளவு சூடு பிடிக்கும், சீக்கிரம் காயும், விலை குறைவு. ஆனால் அதே குளிருக்கு எடையும் பருமனும் அதிகம், அமுக்கி அமுக்கி வைத்தால் சில வருடங்களில் உப்பல் குறையும். தண்ணீர் ஒட்டாத பூச்சுக் கொடுத்த டவுன் என்று இப்போது விற்கிறார்கள். ஈரத்தைத் தாமதப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் முழுக்க நனைந்தால் அதுவும் டவுன்தான். அந்தப் பெயருக்காகவே கூடுதல் பணம் கொடுப்பதா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன்.

அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் சிந்தடிக்கை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை ராக்கி மலைகளில் பல நாள் தங்குகிறார்கள். மழை, ஈரப்பனி, உறைபனி மூன்றும் ஒரே வாரத்தில் வரும். வியர்க்க வியர்க்க மேடேறி, அப்புறம் ஒரு சரிவில் பைனாகுலரோடு மணிக்கணக்காக அசையாமல் உட்காருவார்கள். இரவில் ஈரத்துணியோடு பைக்குள் நுழைவார்கள். உங்கள் கதை வேறு. கேதார்காந்தாவில் டிசம்பர் குளிர் பெரும்பாலும் வறண்ட குளிர், மாலையில் கூடாரத்துக்கு வந்துவிடுவீர்கள், உலர்ந்த துணி மாற்றலாம். அதனால் பணம் இருந்தால் டவுன், இல்லையென்றால் சிந்தடிக்கை எடுத்துக்கொண்டு எடையைப் பொறுத்துக்கொள்வது, இரண்டுமே சரிதான். டவுன் என்றால் ஒரு கனமான பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சுருட்டிக் கட்டி, அப்புறம் தோள்பையில் வையுங்கள்.

மச்சானிடம் வாங்கச் சொல்வதற்கு முன் சில விஷயங்களைக் கேளுங்கள். வேட்டைப் பை என்ற பெயரில் அங்கே இரண்டு வகை விற்கிறது. ஒன்று, முதுகில் சுமந்து காட்டுக்குள் போகிறவர்களுக்கான பை. டவுன் என்றால் ஒன்றரைக் கிலோ பக்கம், சிந்தடிக் என்றால் இரண்டு கிலோவுக்கு மேலும் போகும். இன்னொன்று, வண்டியிலோ குதிரையிலோ ஏற்றிப்போய், அடுப்பு வைத்த பெரிய கான்வாஸ் கூடாரத்துக்குள் விரித்துப் படுப்பதற்கான பை. அகலமாக, செவ்வகமாக, வெளியே கான்வாஸும் உள்ளே ஃபிளானலுமாக, படுத்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும். எடை ஐந்து கிலோ வரும். அதைத் தூக்கிக்கொண்டு பனியில் ஏற முடியாது, விமானத்தில் கொண்டுவருவதும் தண்டம். ஆகவே கம்ஃபர்ட் எண் என்ன, மொத்த எடை என்ன, எந்த உயரமுள்ள ஆளுக்கானது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரெகுலர் நீளம் என்பது ஆறடி வரை உள்ளவர்களுக்கு. ஐந்தரை அடி ஆள் நீளமான பை வாங்கினால் காலுக்குக் கீழே வெற்றிடம். அதையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

குளிருக்கு மம்மி வடிவம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. தோளில் அகலம், காலில் குறுகல், தலைக்கு முக்காடு. ஜிப்பின் உட்பக்கம் முழுநீளத்துக்கு ஒரு பஞ்சுக்குழாய் தைத்திருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை இருந்தால் இன்னும் நல்லது. புரளும்போது உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாகத்தான் வெளியே போகும். கடையில் ஜிப்பை மேலும் கீழும் பத்து தடவை இழுத்துப் பாருங்கள். துணியைக் கடிக்கிற ஜிப் இரவு இரண்டு மணிக்குக் கையுறையோடு இழுக்கும்போது கட்டாயம் கடிக்கும்.

பைக்குள் படுக்கும் முறையிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நடந்த துணியோடு படுக்காதீர்கள். வியர்வை காய்ந்துவிட்டது என்று தோன்றினாலும் துணியில் ஈரம் இருக்கும். உள்ளாடை, காலுறை எல்லாம் உலர்ந்ததாக ஒரு செட் படுக்கைக்கென்றே வைத்திருங்கள். குளிர்ந்துபோன உடம்போடு உள்ளே போனால் பையும் குளிராகவே இருக்கும், பிடித்துவைக்க அங்கே சூடு ஏது? கூடாரத்துக்கு வெளியே பத்து நிமிடம் நடந்து, உடம்பு சூடேறிய பின் வியர்ப்பதற்கு முன்னால் நுழையுங்கள். படுக்குமுன் கடலைமிட்டாய், நெய் விட்ட ஏதாவது சாப்பிடுங்கள். கொழுப்பு மெதுவாக எரியும். ஸ்டீல் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, இறுக மூடிக் கவிழ்த்துச் சோதித்து, காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். ஒற்றைச் சுவர் பாட்டிலாக இருக்க வேண்டும். தெர்மாஸ் வகை சூட்டை வெளியே விடாது. முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சுவிடாதீர்கள், மூச்சின் ஈரம் முழுக்கப் பைக்குள் இறங்கிவிடும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், குரங்குக்குல்லா போட்டுக்கொள்ளலாம். சிறுநீர் வந்தால் எழுந்து போய்விட்டு வாருங்கள். குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு கிடந்தால் தூக்கம்தான் கெடும். உள்ளே பட்டு லைனர் என்ற மெல்லிய உள்ளுறை போட்டால் இத்தனை டிகிரி கூடும் என்று அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பை அழுக்காகாமல் இருக்க லைனர் நல்லது. சூட்டுக்கு இரண்டு மூன்று டிகிரி என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் கரிச்சட்டியோ கேஸ் அடுப்போ எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிர் தாங்கவில்லை என்று யார் கெஞ்சினாலும் அனுமதிக்காதீர்கள்.

இனி நம் ஊர். தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி இரவில் பொதுவாக 10 டிகிரிக்கும் 15க்கும் நடுவில்தான் இருக்கும். கம்ஃபர்ட் மைனஸ் 10 பைக்குள் இந்தக் குளிரில் படுத்தால் ஒரு மணி நேரத்தில் வியர்த்துவிடும். வியர்த்த உடம்போடு வெளியே வந்தால் அப்புறம்தான் நிஜமான குளிர். ஆனால் எண்ணைப் பார்த்து நம் ஊர்க் குளிரை லேசாக நினைக்க வேண்டாம். வானம் தெளிந்த இரவில் நிலத்தின் சூடு நேராக மேலே போய்விடும், விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சத்துக்கு வரும், பனி இறங்கிப் போர்வை நனைந்துவிடும். குளிர்காற்று கனமானது, ஏரிக்கரைப் பள்ளத்திலும் ஓடையோரத்திலும் போய்த் தேங்கும். அதே காட்டில் மேட்டுப்பக்கம் நான்கு ஆள் உயரம் ஏறினாலே வித்தியாசம் தெரியும். காவலுக்குக் கட்டிய பரணுக்கு மேலே கூரையோ தார்ப்பாயோ இருந்தால் பனியும் விழாது, குளிரும் குறையும். தார்ப்பாயைப் போர்வை மாதிரி உடம்போடு ஒட்டிப் போர்த்த வேண்டாம். உள்பக்கம் வியர்த்து எல்லாம் நனையும். தலைக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள்.

பரணில் குளிர் கீழேயிருந்து வரும். கழிகளுக்கு நடுவே காற்று போய்க்கொண்டே இருக்கும். ராகித் தாளோ வைக்கோலோ ஒரு முழம் பரப்பி, அதன் மேல் கோணிப்பை, அதன் மேல் ஃபோம் மேட். கேதார்காந்தாவுக்கு வாங்கும் மேட் இங்கே நன்றாக உழைக்கும். இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரு பொருள் வேண்டும் என்றால் அது மேட்தான், பை இல்லை. போர்த்திக்கொள்ள நம் ஆட்டுமயிர்க் கம்பளியை மிஞ்ச எதுவும் வேண்டியதில்லை. கம்பளி தன் எடையில் கால்பங்குக்கு மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது, தீப்பொறி பட்டால் நைலான் மாதிரி உருகிப் பிடிக்காது, போர்த்திக்கொண்டு உட்காரலாம், உதறிவிட்டு எழுந்திருக்கலாம். ஸ்லீப்பிங் பேக்தான் வேண்டும் என்றால் கம்ஃபர்ட் 10 டிகிரி அளவில், சிந்தடிக், செவ்வகம், ஜிப் கால்வரை முழுக்கத் திறந்து போர்வையாக விரியக்கூடியது ஒன்று வாங்குங்கள். விலையும் குறைவு.

மம்மி பை இங்கே வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் யானை. பன்னேருகட்டா பக்கமிருந்தும் காவிரி வடக்குச் சரணாலயத்துக் காடுகளிலிருந்தும் ராகி முற்றும் சமயம் பார்த்துக் கூட்டம் வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவலுக்கு முதல் ஆயுதம் காது. முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டால் காதோரம் நைலான் சரசரக்கும் சத்தம்தான் கேட்கும். ஓரத்து வரப்பில் தட்டை ஒடியும் சத்தம் கேட்காது. கேட்டாலும், கைகள் இரண்டும் உள்ளே, ஜிப் கழுத்துவரை, இருட்டில் அதன் முனையைத் தேடுவதற்குள் என்னென்னவோ நடந்துவிடும். கைகள் எப்போதும் வெளியே, டார்ச் மணிக்கட்டில், செருப்பு அல்ல ஷூ, அதுவும் கைக்கெட்டும் இடத்தில். இரண்டு பேர் இருந்தால் முறைவைத்து ஒருவர் விழித்திருங்கள். தரையில், காட்டுக்கு நடுவே, எந்தப் பைக்குள்ளும் படுக்காதீர்கள். யானை மட்டும் காரணமில்லை; கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும், கடித்தது பல சமயம் வலிக்கவும் வலிக்காது. பரணில் இருந்தாலும் படுக்குமுன் பையையோ கம்பளியையோ உதறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுங்கள், தேள் இருக்கும். பரண் உயரத்தில் இருக்கிறது, யானை எட்டாது என்று முழுக்க நம்பவும் முடியாது. யானைக் கூட்டம் வந்தால் இறங்கிப் போய் விரட்டுகிற வேலை வேண்டாம். வனத்துறைக் காவல் குழுவின் எண்ணை அப்பா போனிலும் உங்கள் போனிலும் முன்பே போட்டு வையுங்கள்.

பணக் கணக்கும் ஒன்று பார்த்துவிடுங்கள். வருடத்தில் ஒரே ஒரு பனிமலைப் பயணம்தான் என்றால் கேதார்காந்தா பையை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மலையேற்றக் குழுவிலேயே பை கொடுப்பார்கள், வாடகைக்கும் கிடைக்கும். அவர்கள் தரும் பையைக் கையில் வாங்கியவுடன் மூன்றைப் பாருங்கள்: ஜிப் ஓடுகிறதா, விரித்து அரை மணி நேரம் விட்டால் உப்புகிறதா, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பஞ்சு ஓரிடத்தில் குவிந்து மற்ற இடம் கண்ணாடி மாதிரித் தெரிகிறதா. அப்படித் தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். மெல்லிய பையாகவே கிடைத்தது என்றால் இரண்டாவதாக ஒன்று கேட்டு வாங்கி மேலே விரித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வருடமும் போகப் போகிறீர்கள் என்றால் சொந்தப் பை நல்லது. அப்போது ஓசூர் மொட்டை மாடியில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். குளிருக்கு அது சோதனை ஆகாது. நீளம், தோளகலம், இருட்டில் ஜிப் திறக்கும் வேகம், முழங்கால் மடக்க இடம் ஆகியவை தெரிந்துவிடும்.

சொந்தமாக வாங்கினால் ஊருக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம், சாதாரண சோப்புத்தூள் எதுவும் டவுனுக்கு ஆகாது. அதற்கென்று விற்கும் சோப்பில் எப்போதாவது துவைத்தால் போதும், சும்மா சும்மா துவைக்க வேண்டாம். நனைந்த டவுன் பையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் தடுப்புத் துணி கிழிந்துவிடும், இரண்டு கையாலும் அடியோடு அள்ளித் தூக்குங்கள். பீரோவில் வைக்கும்போது அமுக்கிக் கட்டிய உறையோடு வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டி ஒன்றில் தளர்வாக மூட்டை கட்டி, எலி ஏறாத இடமாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள்.